கட்டணமில்லாச் சீட்டும் கடைசி வண்டியும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

காலுக்குச் செருப்பு எப்படியோ, ஊருக்குப் பேருந்து அப்படி. அது இல்லாமலும் நடக்கலாம். ஆனால் எவ்வளவு தூரம் நடக்கலாம், எந்த வெயிலில் நடக்கலாம் என்பதுதான் கேள்வி. மேற்கே மலையும் கிழக்கே வயலும் மானாவாரிக் காடுமாக விரிந்து கிடக்கும் நம் தென்காசிப் பகுதியில் ஒரு பெண் பள்ளிக்குப் போவதும், வேலைக்குப் போவதும், மருத்துவமனைக்குப் போவதும் பெரும்பாலும் பேருந்தை நம்பியே நடைபெறுகின்றன. ஆகவே, "நகரங்களில் பொதுப் போக்குவரத்தை இலவசமாகத் தரலாமா? இல்லையேல் குறைந்த கட்டணத்திலாவது தர வேண்டுமா?" என்று பெரியவர்கள் விவாதிக்கும்போது, அது சென்னைக்கும் தில்லிக்கும் உரிய விவாதம் என்று நாங்கள் ஒதுங்கி நிற்க முடியவில்லை. அந்தப் பேருந்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். எங்கள் கருத்தையும் இவ்வாண்டு மலரின் வாயிலாக அன்னையர், தந்தையர், அருட்சகோதரியர், தோழியர் அனைவர் முன்பும் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது நல்ல செயல். அது நீடிக்க வேண்டும். ஆயினும் கட்டணத்தை நீக்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணினால், பாதி வழியில் இறக்கி விட்டது போலாகும். சீட்டுக்குப் பணம் வேண்டாம் என்பது ஒரு பாதி. நமக்கு வேண்டிய நேரத்தில் வண்டி வரும் என்பது மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் பயணம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் பேருந்து ஓட்டியவர்கள் பெரும்பாலும் தனியார் முதலாளிகளே. கூட்டம் உள்ள வழியில் வண்டி ஓடியது. கூட்டம் இல்லாத ஊர் காத்துக் கிடந்தது. பின்னர் பேருந்துகள் அரசுடைமையாயின. 1972ஆம் ஆண்டில் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகமும் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் தோன்றின. 1974ஆம் ஆண்டில் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997ஆம் ஆண்டில் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலான கழகங்கள் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. நம் வீட்டுத் தாத்தாக்களில் சிலர் இன்றும் அரசு வண்டியைக் "கட்டபொம்மன் பஸ்" என்றே சொல்லுகிறார்கள். இலாபம் வராத ஊருக்கும் பேருந்து போக வேண்டும் என்பதே அரசு இத்தொழிலில் இறங்கியதன் சிறப்பு என்று நாங்கள் கருதுகிறோம். இந்தக் கருத்தை நாங்கள் பின்னால் மீண்டும் எடுத்துக் கொள்ளுவோம்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழகத்தில் பேருந்துக் கட்டணம் ஒரே நாளில் உயர்ந்தது. நகரப் பேருந்தின் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆயிற்று. மாநிலம் முழுவதும் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். அந்த மாத முடிவிலேயே கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது. இரண்டு ரூபாய் உயர்வுக்கு இவ்வளவு எதிர்ப்பா என்று அன்று வியந்தவர்கள் உண்டு. ஒரு நாளைக்குப் போக ஒன்று, வர ஒன்று என இருமுறை சீட்டு வாங்கி, மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வியப்பு ஏற்பட்டிராது. அவர்கள் கணக்கை விரல்விட்டே போட்டிருப்பார்கள்.

2021ஆம் ஆண்டு மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற திரு. மு. க. ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட ஆணைகளுள் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பின்னர்த் திருநங்கையருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் 'விடியல் பயணம்' என்று பெயர் சூட்டப்பட்டது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டி வந்தால், "நம்ம பஸ் வந்துட்டு" என்று பெண்கள் கூடையைத் தூக்கிக் கொண்டு எழுவதை இன்று எந்த நிறுத்தத்திலும் காணலாம். அந்த "நம்ம" என்ற சொல்லைக் கேட்கும்போதே எங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

இதனால் விளைந்த நன்மை என்ன? மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில், இப்பயணத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று கண்டார்கள். மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஊதியம் வாங்கும் வீட்டில் 888 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். சுளகை மடியில் வைத்துக் கொண்டு காலை முதல் மாலை வரை பீடி சுற்றும் வீட்டில் அப்படியல்ல. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்துச் சிற்றூர்களில் எத்தனை தாய்மார்கள் இத்தொழிலைச் செய்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி என்ற கணக்கில் வாழ்கிறவர்களுக்கு, மிச்சமாகும் ஒவ்வொரு பத்து ரூபாயும் இத்தனை பீடி என்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அதைக் கணக்கில் எழுத முடியாது. முன்பு ஒரு பெண் வெளியே புறப்பட வேண்டுமானால் பேருந்துக்குக் காசு கேட்க வேண்டும். காசு கேட்டால், "எதுக்கு? எங்கே? இன்னைக்கே போகணுமா?" என்ற கேள்விகள் வரும். கேட்பவர் தீயவர் என்று நாங்கள் சொல்லவில்லை. கையில் இருப்பது குறைவு, அதனால் கேட்கிறார். ஆயினும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மனமில்லாமல், மூட்டு வலியைப் பொறுத்துக் கொண்டு மருத்துவமனைக்குப் போகாமலேயே இருந்த பாட்டிகள் எத்தனை பேர்! பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்க்கப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிய தாய்மார்கள் எத்தனை பேர்! கட்டணம் சிறியதுதான். அந்தச் சிறிய கட்டணம் வாசற்படியில் ஒரு பெரிய காவலாளியாக நின்றது. அக்காவலாளி இப்போது விலகிவிட்டார். தன் சேமிப்புப் புத்தகத்தைத் தானே வங்கிக்கு எடுத்துச் செல்லும் அம்மாவையும், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு தனியே போகும் அத்தையையும் நாங்கள் இன்று பார்க்கிறோம்.

கல்விக்கும் இது பொருந்தும். பள்ளி மாணவியராகிய எங்களுக்கு அரசின் இலவசப் பயண அட்டை உண்டு. பள்ளியை முடித்தபின் என்ன? குற்றாலத்தில் 1964ஆம் ஆண்டிலேயே பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. திருநெல்வேலிக்குப் போய்த் தங்கிப் படிக்க இயலாத பெண்கள், வீட்டிலிருந்தே போய் வந்து பட்டம் பெறுவதற்கு அக்கல்லூரி வழி செய்தது. வீட்டிலிருந்தே போய் வர வேண்டுமானால் பேருந்து வேண்டும். கல்லூரி வாசல் வரை பேருந்து போகிறது என்பதனாலேயே, "சரி, படிக்கட்டும்" என்று பெற்றோர் தலையசைத்த வீடுகள் நம் பகுதியில் உண்டு. பெண் கல்வியின் வரலாற்றில் பாட நூலுக்கும் ஆசிரியைக்கும் அடுத்தபடியாகப் பேருந்துக்கும் ஓர் இடம் தரலாம் என்றால் அது மிகையாகாது.

இனி எதிர்ப்பக்கத்தாரின் வாதங்களைப் பார்ப்போம். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்பது முதல் வாதம். இது தள்ளிவிடத்தக்க வாதம் அன்று. 2021ஆம் ஆண்டில் இத்திட்டம் தொடங்கியபோது, போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்ய ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும் என்று சொன்னார்கள். 2024-25ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 3,050 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் இரண்டரை மடங்கு! இது சிறிய தொகை அன்று என்பதை நாங்கள் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் தொகை ஏன் உயர்ந்தது என்றும் கேட்க வேண்டாமா? முன்னிலும் மிகுதியான பெண்கள் பயணம் செய்கிறார்கள் என்பது அதன் முதன்மையான காரணம். வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். நூலகத்துக்கு வாசகர்கள் பெருகினால் நூலகத்தை மூடிவிடுவோமா?

இவ்விடத்தில் பெருந்தலைவர் காமராசரை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். அன்றும் "பணம் எங்கே?" என்ற கேள்வி எழுந்தது. இன்று அதைக் கேட்பார் யாரும் இல்லை. அவர் செய்ததை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கட்டணத்தை நீக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. சிற்றூர்களில் புதிய பள்ளிகளைத் திறக்கச் செய்தார். பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று எண்ணினார். பள்ளிக்கு வந்த பிள்ளை பசியோடு திரும்பக் கூடாது என்று சோறும் போட்டார். கட்டணம் இல்லை, பள்ளி அருகில், வயிற்றுக்கு உணவு என்று மூன்றும் சேர்ந்ததால் அது வென்றது. பள்ளியே இல்லாத ஊரில் "படிப்பு இலவசம்" என்று பலகை மாட்டியிருந்தால் யாருக்கு என்ன பயன்? இந்தப் பாடம் பேருந்துக்கும் உரியது.

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இராது" என்பது இரண்டாவது வாதம். இதை "ஓசி" என்ற ஒரே சொல்லால் சொல்லி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டில் இச்சொல் மாநிலம் எங்கும் பேசப்பட்டு, மனம் புண்பட்ட பெண்கள் பலர். அன்பு கூர்ந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறது, அதன் வெளிச்சத்தில் நடப்பவரை யாரும் ஓசி என்று சொல்லுவதில்லை. பாலத்தின்மேல் நடக்கிறோம், அதற்கும் யாரும் சொல்லுவதில்லை. இவை எல்லாம் மக்கள் வரியால் ஆனவை. பீடி சுற்றும் அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கொடுக்கிறார். பேஸ்ட் வாங்கும்போது வரி கொடுக்கிறார். பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போதும் வரி கொடுக்கிறார். தான் கொடுத்த வரியில் ஒரு பங்கைத்தான் அவர் இருக்கையாகத் திரும்பப் பெறுகிறார். அதைப் பிச்சை என்பது அறியாமை.

மூன்றாவது வாதம் சற்றுக் கடினமானது. "ஏழை ஆண்கள் என்ன செய்தார்கள்? கொத்து வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஏன் சீட்டு?" என்று கேட்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பாக்களுள் பலர் கூலி வேலை செய்கிறவர்களே. ஆகவே ஆண்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், அடிக்கடி உயரக் கூடாது என்று நாங்கள் விரும்புகிறோம். மும்பையில் 2019ஆம் ஆண்டில் நகரப் பேருந்தின் குறைந்த கட்டணத்தை எல்லோருக்கும் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைத்தார்கள். 2025ஆம் ஆண்டில் அதை 10 ரூபாயாக உயர்த்தும் வரை, ஐந்து ரூபாய்க்கு அந்தப் பெருநகரில் பேருந்தில் ஏற முடிந்தது. எல்லோருக்கும் இலவசம் இயலாவிட்டாலும் எல்லோருக்கும் மலிவு இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில் முதலில் யாருக்குக் கொடுப்பது என்றால், கையில் காசு மிகக் குறைவாக உள்ளவர்களுக்குக் கொடுப்பதே முறை. வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் அது யார் கையில் இருக்கிறது? பேருந்தை நம்பி நிற்பவர் யார்? இதற்கு விடை எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான்.

இனி நாங்கள் சொன்ன மறு பாதிக்கு வருவோம். எங்கள் வகுப்பில் தென்காசிக்கு உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. உள்ளடங்கிய சிற்றூர்களிலிருந்து வருகிறவர்களும் உண்டு. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க மாலையில் சிறப்பு வகுப்பு நடக்கிறது. கணக்குப் பாடத்தில் தடுமாறுகிறவர்களுக்காகத்தான் அது நடக்கிறது. ஆனால் தம் ஊருக்குப் போகும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு இரவு வரை காத்திருக்க வேண்டிய தோழியர், வகுப்பின் நடுவிலேயே பையை எடுத்துக் கொண்டு எழுகிறார்கள். கரும்பலகையில் பாதிக் கணக்கு நிற்கிறது, அவர்கள் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பயணம் இலவசம்தான். வண்டி இல்லையே! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

நாள் ஒன்றுக்கு மூன்று முறையோ நான்கு முறையோ மட்டும் வண்டி வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வண்டி கெட்டுப்போய் ஒரு முறை வராவிட்டால் அன்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதற் பாடவேளை இல்லை. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி சற்றுத் தள்ளிப் போய் நிற்பதும், சில வேளை நிற்காமலே போவதும் உண்டு. இலவச வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, பின் பொறுக்க முடியாமல் தனியார் வண்டியில் காசு கொடுத்து ஏறும் தாய்மார்களை நாங்கள் அறிவோம். ஒரு மணி நேரம் என்பது அவர்களுக்குப் பணமே. அந்த நேரத்தில் அவர்கள் எத்தனை பீடி சுற்றியிருப்பார்கள்!

விதியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டுமே உரியது. புறநகர்ப் பேருந்துக்குச் சீட்டு உண்டு. சென்னை, மதுரை, கோவை போன்ற பெருநகரங்களில் எங்கு திரும்பினாலும் நகரப் பேருந்துதான். நம் பகுதியிலோ பெரிய சாலைகளில் ஓடும் வண்டிகளுள் பல புறநகர் வண்டிகளே. உயர் சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்குப் போகும் ஏழைப் பெண் முழுக் கட்டணம் கொடுத்தே போகிறாள். சிற்றூர்களுக்குள் நுழைந்து வரும் மினி பஸ்கள் தனியாருடையவை. அங்கும் கட்டணம் உண்டு. ஆக, வண்டி மிகுந்த நகரத்துப் பெண்ணுக்கு இலவசம் மிகுதி; வண்டி குறைந்த ஊர்ப் பெண்ணுக்கு இலவசமும் குறைவு. இது மாற வேண்டியதன்றோ? மாற்ற முடியாததும் அன்று. நகரப் பேருந்து இல்லாத நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு 2024ஆம் ஆண்டில் இச்சலுகையை நீட்டித்தார்கள். மலைக்குப் பொருந்திய நியாயம் மலையடிவாரத்துக்கும் பொருந்தும்.

பிற மாநிலங்களையும் பார்க்கலாம். 2019 அக்டோபரில் தில்லியும், 2021 ஏப்ரலில் பஞ்சாபும் பெண்களுக்கு இலவசப் பேருந்தைத் தந்தன. கர்நாடகத்தில் 2023 சூன் முதலும், தெலங்கானாவில் அதே ஆண்டு திசம்பர் முதலும், ஆந்திரத்தில் 2025 ஆகஸ்டு 15 முதலும் இத்தகைய திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் ஊர்விட்டு ஊர் போகும் சாதாரண வண்டிகளிலும் விரைவு வண்டிகளிலும் அம்மாநிலப் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று வைத்தார்கள். நமக்குப் பின் வந்தும் அவர்கள் நம்மையும் கடந்து சென்றிருக்கிறார்கள்.

கடல் கடந்த நாடுகளிலும் இச்சோதனை நடந்திருக்கிறது. பெல்ஜிய நாட்டில் ஹாசெல்ட் என்ற சிறிய நகரம் 1997ஆம் ஆண்டில் பேருந்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதோடு வண்டிகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. பயணிகள் பன்மடங்கு பெருகினர். ஆனால் செலவு தாங்காமல் 2013ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதே 2013ஆம் ஆண்டில் எஸ்தோனியத் தலைநகரான தாலின், தன் நகரவாசிகளுக்குப் போக்குவரத்தை இலவசமாக்கியது. அங்கு ஆய்ந்தவர்கள் கண்டது வேறு: கார் வைத்திருந்தவர்கள் பெரிதாகக் காரை விட்டு இறங்கவில்லை, முன்பு நடந்து போனவர்களே மிகுதியாக வண்டியில் ஏறினர். 2020ஆம் ஆண்டில் லக்சம்பர்க் நாடு முழுவதுமே இலவசமாயிற்று. இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? இலவசம் என்றவுடன் கார்க்காரர் பேருந்துக்கு வந்துவிட மாட்டார்; வண்டி அடிக்கடி வந்தால் வரக்கூடும். நடக்கிறவருக்கோ இலவசம் உடனே உதவுகிறது. மேலும், செலவுக்கு வழி தேடாமல் தொடங்கிய நல்ல காரியமும் நடுவில் நின்று போகக் கூடும்.

செலவுக்கு வழி என்றதும் எங்களுக்குக் குற்றாலம் நினைவுக்கு வருகிறது. சூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தின் அழகைச் சொல்லவும் வேண்டுமோ! பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என எங்கும் மக்கள் வெள்ளம். சீசன் வந்தால் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் பெண்களுக்கும், சிற்றுண்டிக் கடைகளில் பாத்திரம் கழுவும் பெண்களுக்கும் வருமானம் உண்டு. அவர்கள் இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். ஆனால் விடுமுறை நாளில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குள்ள ஐந்தாறு கிலோமீட்டர் சாலையைப் பாருங்கள்! கார்களும் வேன்களும் வரிசையாக நிற்க, நகரப் பேருந்தும் அந்த வரிசையில் சிக்கி நிற்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணும், கல்லூரியிலிருந்து திரும்பும் பெண்ணும் அதற்குள் நிற்கிறார்கள்.

சீசன் மாதங்களில் கார்களையும் வேன்களையும் தென்காசி எல்லையிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து எல்லா அருவிகளுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்றுப் பேருந்து விட்டால் என்ன? வண்டி நிறுத்துமிடத்தில் வாங்கும் கட்டணத்தைக் கொண்டே அந்தப் பேருந்தின் செலவை ஈடு செய்யலாம். குளிக்க வருகிறவர் காருக்குக் கொடுக்கும் பணத்தில், உள்ளூர்ப் பெண்ணுக்கும் வெளியூர்ப் பயணிக்கும் சேர்த்து ஒரு பேருந்து ஓடும். சாலையில் புகை குறையும். மலைக் காற்று மலைக் காற்றாகவே இருக்கும். சீசன் முடிந்தபின் அதே வண்டிகளைச் சிற்றூர் வழிகளுக்கு மாலை வண்டிகளாக அனுப்பலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொல்லுவதாயிற்றே என்று பெரியவர்கள் இதைத் தள்ளிவிடாமல் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் நம் அருகே வந்தன. அவற்றை நாம் சென்றடைய வண்டிகளும் வர வேண்டும். எனவே எங்கள் வேண்டுகோள் நான்கு. ஒன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி வரும் நேரம் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். எழுதிய நேரத்தில் வண்டி வர வேண்டும். இரண்டு, பள்ளிகளின் சிறப்பு வகுப்பு முடிந்தபின் சிற்றூர்களுக்கு ஒரு கடைசி வண்டியாவது இருக்க வேண்டும். மூன்று, நகரப் பேருந்து இல்லாத வழியில் ஓடும் சாதாரணப் புறநகர் வண்டியிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வேண்டும். நான்கு, நிறுத்தம் என்று பெயர் உள்ள இடத்தில் வண்டி நிற்க வேண்டும். மாலையில் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும்.

உரிமை கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. கட்டணம் இல்லை என்றாலும் நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை நம் அம்மாக்கள் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. கணக்கு இருந்தால்தான் நம் வழியில் வண்டியைக் கூட்டக் கேட்க முடியும். மாணவியராகிய நாம் பயண அட்டையைத் தவறாமல் வைத்திருக்க வேண்டும். இருக்கையைக் கிழிப்பதும், பின்புறம் பெயர் கிறுக்குவதும் நம் வண்டியை நாமே அழிப்பதாகும். பாட்டிமார்க்கும் கைக்குழந்தையோடு வருபவர்க்கும் எழுந்து இடம் தர வேண்டும். நெரிசலில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் நடத்துநரிடமும், மழையிலும் மலைச் சாலையிலும் நம்மைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் ஓட்டுநரிடமும் அன்பான சொல் பேச வேண்டும். அவர்களும் ஒரு வீட்டின் அப்பாக்களும் அண்ணன்மாருமே.

பெற்றோர்களே! இன்னும் சில மாதங்களில் நாங்கள் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது, எந்தப் பள்ளியில் சேர்வது என்ற பேச்சு உங்கள் வீட்டில் இப்போதே நடக்கும். அறிவியல் பிரிவு தொலைவில் உள்ள பள்ளியில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் வேறு பிரிவுதான் இருக்கிறது என்ற நிலை எங்களுள் பலருக்கு உண்டு. அப்போது எங்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்ப்பது பேருந்தின் நேரத்தை. "பிள்ளை இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டுமே" என்ற உங்கள் கவலை நியாயமானது. அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆகவேதான் உங்களிடம் கேட்கிறோம். கிராம சபைக் கூட்டத்தில் பேசுங்கள், மனு எழுதுங்கள், ஊர்ப் பெயரோடும் நேரத்தோடும் எழுதுங்கள். நாங்களும் கையெழுத்திடுகிறோம். ஒரு மாலை வண்டி கூடுதலாக வந்தால், மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆசிரியையாகவோ வரவேண்டிய ஒரு பெண், தனக்குப் பிடித்த பாடத்தைப் படிப்பாள். அரசு கட்டணத்தை நீக்கி வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசலுக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நிற்கட்டும்.